ஷெஃப் என்றால் தலை

ஊரெல்லாம் குசினி முசியே என்று கூப்பிட்ட, எனக்கு என்றைக்கும் செல்ல அப்பாவான உங்களுக்கு,

ஜெயிச்சுட்டேன் அப்பா! இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நீங்கள் வேலை பார்த்த அதே ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அம்மா முத்தியால்பேட்டை முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். சந்தோஷ அழுகைதான், பயப்படாதீர்கள்.

வேலை கிடைத்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய கையோடு, சென்னையிலிருந்து ஒரு புது அதிகாரி வந்தாரே, அந்த வரவேற்புக் கூட்டம் நினைவிருக்கிறதா? எப்படி மறப்பீர்கள்! இனி எல்லாம் இங்கிலீஷில் என்று சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சு மட்டுமே படித்த நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று நாலு வரி இங்கிலீஷை மனப்பாடம் செய்தீர்கள். கடைசி வரியை மட்டும் மேடையில் நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். 'நீங்கள்தான் இனி எங்கள் ஷெஃப்' என்று இங்கிலீஷில் சொல்லிக் கைகூப்பினீர்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இங்கிலீஷில் ஷெஃப் என்றால் சமையல்காரனாம். அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "சார், மத்தியானம் என்ன சமையல்?" என்று வேறு கேட்டார். அதுவரை ஊருக்கு மரியாதையான முசியேவாக, ஐயாவாக, இருந்த நீங்கள் அன்றிலிருந்து குசினி முசியே. குசினிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு அடுப்படியின் பெயரில் ஒரு பட்டம்!

பிரெஞ்சில் ஷெஃப் என்றால் தலைவர் என்பது சிரித்தவர்களுக்கு எங்கே தெரியும்? ஷெஃப் தெ பூரோ என்றால் ஆபீஸுக்குத் தலைவர். வருஷக்கணக்காக உங்களைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். உங்களிடம் இருந்ததிலேயே பெரிய பட்டத்தை எடுத்து அந்தப் புது அதிகாரிக்குச் சூட்டினீர்கள். அதற்கா அந்தச் சிரிப்பு? அப்புறம் கண்ணை மூடும்வரை நீங்கள் ஒரு இங்கிலீஷ் சொல்லைக்கூட வாயில் எடுக்கவில்லை. அதுதான் அப்பா எனக்கு ஆறவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் இங்கிலீஷ் படித்தேன். நூலகத்தில் ஒரு தடித்த அகராதி, சொல் எங்கே பிறந்தது என்றுகூடப் போட்டிருக்கும். ஷெஃப் பார்க்கத்தான் திறந்தேன், மூட மனசில்லை. பெரிய பதவி எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு வேலைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். மினிஸ்டர் என்றால் லத்தீனில் பணியாள். மார்ஷல் ஒரு காலத்தில் குதிரைக்காரன். கான்ஸ்டபிளும் அந்தக் காலத்தில் பெரிய பதவிதான், முதலில் குதிரை லாயத்தைக் கவனித்தவன். லெஃப்டினன்ட் நம்ம பிரெஞ்சுச் சொல்தான், இன்னொருத்தர் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

போன வாரம் நேர்முகத் தேர்வு. உள்ளே போனால், நடுநாயகமாக அந்த 'மத்தியானம் என்ன சமையல்' மனுஷர்! இப்போது பெரிய அதிகாரியாகிவிட்டார். இங்கிலீஷில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தவர், விண்ணப்பத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஓ, அந்த ஷெஃப் முசியே பொண்ணா நீங்க? சரி, சொல்லுங்கம்மா. சீஃப்னா என்ன, ஷெஃப்னா என்ன?"

அசடு வழிந்துவிட்டு எழுந்து வந்தால் வேலை பத்திரம். பதில் பேசினால் போனாலும் போய்விடும். அம்மா காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள், வாயைத் திறக்காதே என்று. ஆனால் கேட்டது உங்களைப் பற்றி ஆயிற்றே.

"ரெண்டும் ஒரே சொல்லுதான் சார். லத்தீன்ல தலைங்கிற சொல்லுதான் பிரெஞ்சுல ஷெஃப் ஆச்சு. அதைத்தான் இங்கிலீஷ்காரன் வாங்கி சீஃப்னு வச்சுக்கிட்டான். கேப்டனும் அதே தலையிலேருந்து வந்தவருதான். நாம தலைவர்னு சொல்லலையா, அது மாதிரி. ரொம்ப நாள் கழிச்சு, ஷெஃப் தெ குசீன்னு குசினிக்குத் தலைவரையும் பிரெஞ்சுலேருந்து கூட்டிக்கிட்டுப் போனான். குசினிய விட்டுட்டு ஷெஃப்ப மட்டும் வச்சுக்கிட்டான். எங்கப்பா தலைவர்னுதான் சார் சொன்னாரு."

அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"இருந்தாலும் இங்கிலீஷ்ல அது சமையல்காரன்தானேம்மா?" அவரும் விடவில்லை.

"இருக்கட்டுமே சார். இங்கிலீஷ்காரன் சாமியையே லார்டுன்னுதான் கூப்புடுறான். அதப் பிரிச்சுப் பாத்தா ரொட்டியக் காக்கிறவன்னு அர்த்தம். லேடின்னா ரொட்டிக்கு மாவு பிசையிறவ. நாமளும் படியளக்கிற மகராசன்னு சொல்றமே? எந்த ஊருலயும் சோறு போடுறவன்தான் சார் பெரியவன்."

அவர் சிரித்தார் அப்பா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது. "முசியே இருந்தப்பவே இது எனக்குத் தெரியாமப் போச்சேம்மா," என்றார். நீங்கள் அந்த வாசலில் நின்று கேட்டிருக்கக் கூடாதா?

இன்று தெருமுனைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "குசினி முசியே பொண்ணு பாஸாயிட்டாங்கடா!" என்று கத்தினார். முன்பெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். இன்று நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. அந்த ஆபீஸுக்கு அடுத்து எந்த அதிகாரி வந்தாலும் வரவேற்புரையை நான்தான் வாசிப்பேன், இங்கிலீஷில். நீங்கள் கடைசியாகச் சொன்ன வரியை முதல் வரியாக வைப்பேன். 'நீங்கள்தான் இனி எங்கள் ஷெஃப்.' எவர் சிரிக்கிறார் பார்ப்போம்.

இப்படிக்கு,
குசினி முசியேவின் மூத்த மகள்
தனலட்சுமி