அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

என் முயல்குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முட்டி மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகும். அங்கே உன் கழுத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். நாற்பது வயதுக்காரனை இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்காதே, ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது. அப்படிப்பட்டவன் அடுத்த மாதம் அக்குபங்சருக்குப் போகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த அளவுக்கா வலிக்கிறது என்று கவலையும் வந்தது. நான் முட்டிவலிக்கு அங்கே போனபோது என்ன செய்தார்கள் என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், எனக்கு நேரத்துக்கா பஞ்சம்.

முதலில் ஊசியைப் பற்றி. தலைமுடி மாதிரி மெல்லிசு, நீ பயப்படுகிற ஊசி இல்லை. உன் கண் முன்னாலேயே புதுப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும், பிரிக்காவிட்டால் கூச்சப்படாமல் கேள். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு அந்த இடம் கனத்துப்போகும். கழுத்து வலி என்று போனால் கையிலும் காலிலும் குத்துவார்கள், ஆள் மாறிவிட்டதோ என்று எழுந்துவிடாதே. முழங்கை, முழங்கால்வரை சுருட்டக்கூடிய தொளதொள உடுப்பாகப் போட்டுக்கொள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், அன்றைக்கு நாக்கை வழிக்காதே, காபியும் வேண்டாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒன்று விடாமல் சொல், நீயாக எதையும் நிறுத்தாதே. ஒரே நாளில் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டும் போகாதே, எனக்கு முட்டி மடங்கவே ஐந்து தடவை ஆனது. ஊசியோடு இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், கொஞ்சம் தனிமையாக இருக்கும், எனக்கு அது பழக்கம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சாப்பிட்டுவிட்டுப் போ. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். நான் முதல் தடவை போன அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். ரத்தப் பரிசோதனைக்குப் போகிற மாதிரி, முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே பெரிய கெட்டிக்காரி மாதிரி பட்டினி கிடந்தேன். எட்டாவது ஊசியில் வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. டாக்டரம்மா சட்டென்று ஊசியெல்லாம் எடுத்து, காலுக்கு அடியில் தலையணை வைத்து, நான் கண் திறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் வரவேற்பில் இருக்கும் பெண் நான் நிரப்பின படிவத்தை எடுத்து, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற வரியில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். அங்கே நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா, நம் வீட்டு எண்ணை. எத்தனையோ வருடமாக எல்லாப் படிவத்திலும் அதைத்தானே எழுதினேன், எடுக்க உன் அப்பா இருந்தார். அவர் போய் மூன்று வருடம் ஆகியும் என் கைக்கு அது தெரியவில்லை. யாருமே எடுக்கவில்லையே, வீட்டில் எல்லாரும் வெளியே போயிருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம், கடைக்குப் போயிருப்பார்கள் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹால் ஃபோனில் நான்கு அழைப்புகள் விழுந்திருந்தன. நான் அங்கே மயங்கிக் கிடக்க, என்னைக் காப்பாற்ற வரச்சொல்லி என் வீட்டுக்கே நான்கு தடவை மணி அடித்திருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த தடவை போவதற்குள் அந்த வரியை மாற்ற வேண்டியிருந்தது. மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்கலாம் என்று படி ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு நாள் ஓட்டினேன். பெண் கேட்கப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு நடுக்கம் இருக்காது. கடைசியில் கேட்டபோது அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், என் படிவத்தில் உங்களை எழுதிக்கொள்ளட்டுமா, நான் அந்த வரியைக் காலியாகவே விட்டு வருகிறேன் என்றார். இப்போது சாயங்காலம் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கிறார். நானும் மேலே போனால் பட்டன் தைத்துக் கொடுக்கிறேன், கோணலாகத்தான் வருகிறது, பிரித்துத் தைத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

உனக்கும் அந்தப் படிவம் வரும். அந்த ஊருக்குப் போன புதிதில் அந்த வரியில் வாடகை வீட்டுக்காரர் பெயரை எழுதினேன் என்றாய், பிறகு இரண்டு வீடு மாறிவிட்டாய். போன வருடம் காய்ச்சலில் பத்து நாள் கிடந்ததை எழுந்த பிறகுதான் சொன்னாய், கஞ்சி யார் வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாய். கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பயப்படாதே. அந்த வரியில் எழுத உனக்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன். இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரரையோ எதிர் வீட்டையோ போய்க் கேள், வெட்கம் இரண்டு நாளில் போய்விடும்.

கழுத்து நேராகி, தலை நிமிர்ந்து நூறு வயது இரு. எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திரு. யாரும் கிடைக்காவிட்டாலும் அந்த வரியைக் காலியாக விடாதே, என் எண்ணை எழுது. அவ்வளவு தூரத்திலிருந்து உன்னால் என்னம்மா செய்ய முடியும் என்பாய். ஒன்றும் முடியாது. ஆனால் மணி அடித்தால் எடுப்பேன்.

உன் அம்மா