வால்வுக்குப் பக்கத்தில் அளந்தது

மார்ச் 4, செவ்வாய்
கணக்குத் தேர்வு. ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மேற்பார்வைக்கு வந்த புது சார், கடிகாரச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்தார். என் நெஞ்சுக்குள் இருக்கும் உலோக வால்வு அது. எட்டு வயதில் வைத்தது. மூடும்போதெல்லாம் டிக் என்னும். சொல்லியிருக்கலாம். "செவுத்துக்குள்ள இருந்து வருது போல சார்" என்றேன். சுவரில் காதை வைத்தார். ஹால் மொத்தமும் இருமியது.

மார்ச் 7, வெள்ளி
வருஷா வருஷம் இதயத்துக்கு எடுக்கும் எக்கோ ஸ்கேன். வால்வு ஒழுகுகிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு ஒழுக்கம் இல்லை என்று வகுப்பு டீச்சர் போன வாரம்தான் சொன்னார். ஒழுக்கு இருக்கிறது, போதாதா?
எவ்வளவு ஒழுகுகிறது என்பதை உலோகத்தின் நிழல் மறைக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கலாம் என்றார் ஹார்ட் டாக்டர்.
"காந்தம் இழுத்துடாதா டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.
"இந்த வால்வ இழுக்காதும்மா. பார்த்துட்டுத்தான் சொல்றேன்."
"இழுத்தா என்னை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சுக்கோம்மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்
ஸ்கேன். பெரிய வாஷிங் மெஷினுக்குள் படுத்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் எடுக்கிற அண்ணன். "மூச்ச இழு. விடு. அப்படியே நிறுத்து." திரும்பத் திரும்ப இதே பாட்டு.
"திரும்ப இழுக்கச் சொல்ல மறந்துடாதீங்கண்ணா."
"மறந்தா நீயே இழுத்துடுவ. பேசாம படு."

மார்ச் 14, வெள்ளி
வெளியே போன ரத்தத்தில் பாதிக்குக் கிட்ட திரும்பி உள்ளேயே வருகிறதாம். ரிப்போர்ட் அப்படித்தான் சொல்கிறது. சர்ஜன் பேனாவை மூடிக்கொண்டே, "வால்வ மாத்திடலாம். லீவுலயே முடிச்சிடலாம்" என்றார். ஹோம்வொர்க் மாதிரி.
எட்டு வயதில் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்ப தெரியுமே. நெஞ்செலும்ப அறுத்து, கம்பி போட்டுக் கட்டி— அப்புறம் ஒரு தும்மல் வந்தா போதும், உயிர் போய்ட்டு வரும். முடியாது. இன்னொரு தடவ என்னால முடியாது. யார்கிட்ட சொல்றது இதை? அம்மாகிட்டயா?

மார்ச் 15, சனி
வீட்டில் என் சொந்த அண்ணன் தானாகவே டிவி ரிமோட்டைக் கொடுத்தான். அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

மார்ச் 17, திங்கள்
அம்மா முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் வாங்கி வந்து, என்னிடம் காட்டாமல் அலமாரியில் வைத்தாள். கையைத் தூக்க முடியாதவர்களுக்கான சட்டை. நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்
ஸ்கேன் ரிப்போர்ட் எழுதிய லேடி டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆபரேஷனுக்கு முன்னால் படங்களை மறுபடி பார்த்தபோது ஏதோ இடித்ததாம். திரையில் என் இதயம். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு ஓட்டை.
"இந்தக் கறுப்பு, உலோகம் பண்ற வேலை. இதுக்குப் பக்கத்துல எதை அளந்தாலும் நம்ப முடியாது. சாதாரண வால்வுன்னா அதை ஒட்டின மாதிரி மேலதான் அளப்போம். பழக்க தோஷத்துல உனக்கும் அங்கேயே கோடு போட்டுட்டோம். நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.
"தப்புன்னு எப்படி டாக்டர் தெரிஞ்சுது?" அம்மா கேட்டாள்.
"நுரையீரலுக்குப் போற ரத்தமும் உடம்புக்குப் போற ரத்தமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும்மா. இவ கணக்குல உடம்புக்குப் போறது ரொம்பக் குறையுது. அவ்வளவு ஒழுகினா இதயம் வீங்கியிருக்கணும். அதுவும் இல்ல."
"நான் எடுக்கல டாக்டர்" என்றேன்.
"உன்னைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன்" என்றார். எனக்கு ஏற்ற டாக்டர்.
ஆனால், நல்ல செய்தி என்று அவர் சொல்லவில்லை. மறுபடி அளந்தால்தான் தெரியுமாம்.

மார்ச் 20, வியாழன்
மறுபடி வாஷிங் மெஷின். கறுப்பை விட்டு விலகி, ரத்தக்குழாயில் மேலே தள்ளிக் கோடு போட்டார்கள். ஸ்கேன் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பழைய இடத்துலயும் ஒரு தடவ எடுங்கண்ணா, ஞாபகார்த்தமா" என்றேன். சிரித்துவிட்டார், பாவம். மூச்சை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே நான் நிறுத்தியிருந்தேன்.

மார்ச் 24, திங்கள்
கொஞ்சம்தான் ஒழுகுகிறது. இந்த மாதிரி வால்வில் கொஞ்சம் ஒழுகுவது வழக்கமாம். இந்தத் தடவை இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகிறது. ஆபரேஷன் இப்போது இல்லை. 'இப்போது' என்பதை சர்ஜன் அழுத்திச் சொன்னார். வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.
அம்மா கார் நிறுத்துமிடத்தில் காரைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. உலக சாதனை.

ஏப்ரல் 26, சனி
பள்ளிச் சுற்றுலா. முதல் தடவையாக அம்மா என்னை இரவு வெளியே தங்க விட்டிருக்கிறாள். பஸ் கண்டக்டரில் இருந்து செருப்புக் கடைக்காரர் வரை எல்லோரிடமும் "இவளுக்கு ஹார்ட்ல..." என்று தொடங்குகிறவள். வழியனுப்ப வந்தவள் நேராக டீச்சரிடம் போனாள். என் மாத்திரை பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். இன்னும் என்ன? நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். பிறகு ஜன்னலுக்கு வந்து, "தலைய வெளிய நீட்டாத. ஈரத் துணிய அப்படியே பையில திணிக்காத, நாறும்" என்றாள். அவ்வளவுதான்.
பஸ் கிளம்பியதும் டீச்சரிடம் கேட்டேன், அம்மா என்ன சொன்னாள் என்று.
"உன்னை முன்னாடி உட்கார வைக்க வேணாமாம். டிரைவர வம்புக்கு இழுப்பியாம்."
கடைசி வரிசையில் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு ரோடுதான் காரணம்.