டைனமோவுக்கு அடியில் நீ பெயின்ட் அடிக்காமல் விட்ட இடம்

என் ஆசை அண்ணாவுக்கு,

எங்கே இருந்தாலும் வாயில் வெற்றிலையோடுதான் இருப்பாய். துப்பிவிட்டு இதைக் கேள். உன் லாரி ஓடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைக் கேட்டு நெஞ்சு பதறிப்போவாய். போன வாரம் வரை அதைப் பழைய இரும்புக்குப் போடுவதாகத்தான் இருந்தது.

நீ போனதால் இந்த ஒரு வருஷம் நம் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனால் ஆயுத பூஜை வந்தபோது அண்ணி யார் பேச்சையும் கேட்கவில்லை. “வீட்டுக்குத்தான் பண்டிகை இல்ல. வண்டிக்கு இன்னா? வருஷா வருஷம் அவரு கையால பொட்டு வச்சிக்கினு நின்ன வண்டி அது,” என்றார். உன் ஸ்பேனரை எடுத்து, நீ செய்கிற மாதிரியே எஞ்சின் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளி பெயின்ட் அடித்துப் பூட்டி, பூ சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொன்னார். அன்றைக்கு வண்டி என்னமாய் இருந்தது தெரியுமா? கல்யாணப் பெண் தோற்றாள் போ!

அதோடு சரி. மறுநாள் நம் ஆண்டர்சன்பேட்டை கடையிலிருந்து நந்திதுர்க் சுரங்கத்துக்கு அரிசி ஏற்றிப் போன வண்டி, பேட்டரி இறங்கி நடுவழியில் நின்றது. புது பேட்டரி போட்டோம். அதுவும் இறங்கியது.

நம் சித்தியின் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? “வருஷத் திதி ஆவறதுக்குள்ள பூசை போட்டா விளங்குமா? சாமி காட்டிடுச்சி பாரு,” என்று தெருவே கேட்கச் சொன்னாள். அண்ணி அதை அப்படியே நம்பிவிட்டார். இரும்பு வியாபாரியை வரச் சொல்லிவிட்டு என்னிடம், “அவரு உசுரா வச்சிருந்த வண்டிய நானே கொன்னுட்டேன் லலிதா,” என்றார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் சித்தியைப் பிடித்து நாலு வாங்கு வாங்கிவிட்டு, நேராக உன் கூட்டாளி நயீம் பாயிடம் போனேன்.

எலக்ட்ரிக் வேலைக்கு அவரை விட்டால் யார்? வந்தவர் பெல்ட்டை இறுக்கினார். சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியை மாற்றினார். எஞ்சின் உறுமுகிறது, சார்ஜ் காட்டுகிற முள் மட்டும் மைனஸ் பக்கமே படுத்துக் கிடக்கிறது. “ஒங்க அண்ணன் மாதிரியே பிடிவாதம்மா இதுக்கு,” என்றார். நீ கோபித்துக்கொள்ளாதே, உண்மைதானே!

கடைசியாக ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு ஒயரை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் முனையிலும் இன்னொன்றை டைனமோவின் உடம்பிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த இரண்டாவது ஒயரை எடுத்து லாரியின் அடிச்சட்டமான சேசிஸில் வைத்தார். அணைந்துவிட்டது.

“இன்னாடா இது? டைனமோ நல்லாதான் கீது. அதுக்கும் வண்டிக்கும்தான் பேச்சுவார்த்தை இல்ல,” என்று தலையைச் சொறிந்தார்.

டீ கொண்டுவந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார்.

“பாய், பெயின்ட்டு அடிச்சா கரண்டு போவாதா?”

“எங்க அடிச்சீங்க?”

“டைனமோவத் தாங்குற பிராக்கெட்டுல. டைனமோ வந்து ஒக்கார்ற எடத்துல அவரு மட்டும் அடிக்காம விட்டுடுவாரு. ஒவ்வொரு பூசைக்கும் சோம்பேறின்னு திட்டுவேன், சிரிச்சிக்கினே போய்டுவாரு. அதான் இந்தத் தடவ ஒரு எடம் விடாம, போல்ட்டுக்குக்கூட ரெண்டு கோட்டு அடிச்சேன்.”

பாய் கையிலிருந்த பல்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. “எர்த்தே அங்கதானம்மா! இரும்பு இரும்பத் தொட்டாத்தானே கரண்டு திரும்பி வரும்? சாமி குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெயின்ட்டு!”

உப்புத்தாளை அண்ணி யாரிடமும் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் தேய்த்தார். வெள்ளி போய் இரும்பு தெரிந்தது. பூட்டி, எஞ்சினை முடுக்கியதும் முள் எழுந்து பிளஸ் பக்கம் போய் நின்றது. “முழிச்சிக்கினான்!” என்று கத்தினார் பாய்.

அண்ணி சிரித்தார், அண்ணா. நீ போனபிறகு முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இத்தினி வருஷம் திட்னேனே, ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுசன்?” என்று அழுதார். நானும் அழுதேன். ஏன் சொல்லவில்லை நீ? அவர் திட்டுவதைக் கேட்பதில் அவ்வளவு ருசியா உனக்கு?

இரும்பு வியாபாரியை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். சித்தி இப்போது, “நான் இன்னா சொன்னேன்? அக்கறையிலதானே சொன்னேன்?” என்கிறாள். விடு, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன். நீ இல்லாத வீட்டில் நடக்கிற எந்தக் கெட்டதற்கும் அண்ணிதான் காரணம் என்று எவர் வாய் திறந்தாலும், முதலில் என் வாயைத் தாண்டி வரட்டும். நான் எப்படிப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியும். இன்றைக்கு அண்ணி இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இனி அண்ணிக்கும் கூடப்பிறந்தவளாக இருக்கப்போகும்,
உன் தங்கச்சி லலிதா