அப்பாவின் நிபந்தனை

ஜாசின்,
9 ஜூன் 1996, ஞாயிறு

அன்புத் தங்கை தேவிஸ்ரீக்கு,

ஜானகி எழுதுகிறேன். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் அது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ற மாதம் புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்யும் ஆபீசிலிருந்து உன்னைக் கூப்பிட்டதற்கே மேனேஜர் முறைத்தார். அதனால் அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னபோது அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். வயிற்றுப் புண் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போனில் என்ன செய்வது என்று உன்னைக் கேட்டேன். நீயும், "இப்ப சொல்லாதக்கா, நான் வர்ற வரைக்கும் புண்ணுன்னே இருக்கட்டும்" என்றாய்.

எனக்குக் கோபம் அதில்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஆராய்ச்சி என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக என்னை இழுத்துக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? அங்கே ஒரு எஸ்டேட்டில் சுப்பம்மா அக்கா தன் புருஷனிடம் கடைசி வரை நோயை மறைத்த கதையைச் சொல்லி அழுதார். திரும்பும்போது பஸ்ஸில் நீ பொரிந்து தள்ளினாய். மறைக்கிறவர்கள் நோயாளியைத் தனியாக விட்டுவிடுகிறார்கள் என்றாய். அதையே கட்டுரையாக எழுதினாய், மாநாட்டில் பேசிப் பாராட்டு வாங்கினாய். நோய் வந்த வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிற பேராசிரியர் நீ, நம் வீடு என்று வந்ததும் சுப்பம்மா அக்கா செய்ததையே செய்யச் சொன்னாய். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஏனென்றால் அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஆபரேஷன் என்றதும் அப்பா முடியாது என்றுவிட்டார். "புண்ணுக்குப் போயி யாராச்சும் வயித்தக் கிழிப்பாங்களா? மருந்து குடுக்கச் சொல்லு." அவர் கேட்டதில் என்ன தப்பு? நான் சொன்ன நோய்க்கு அவர் சொன்ன வைத்தியம் சரிதான். இந்த மாதத்துக்குள் வெட்டி எடுக்காவிட்டால் பிறகு எடுத்தும் பயனில்லை என்று டாக்டர் கடுமையாகச் சொன்னார். அடுத்த தடவை நாங்கள் வருவதற்குள் நான் சொல்லவில்லையென்றால் தானே அப்பாவிடம் மலாயில் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். வெளியாள் வாயால் அப்பா அதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

இன்று காலை பசியாறி முடித்ததும் டிவியை அடைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். புண் இல்லை அப்பா, புற்றுநோய் என்றேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். வெட்டி எடுத்தால் பிழைப்பேனா என்று கேட்டார். டாக்டருக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை.

அதன் பிறகு அவர் கேட்டது உன்னைப் பற்றி. சின்னவளுக்குத் தெரியுமா என்றார். வாய் பழகிப்போய்த் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சி. இந்த வருசம்தான் யூனிவர்சிட்டில அவ வேல நிரந்தரமாவுற நேரம். அவகிட்ட மூச்சு விடாத. நீ சொன்னது தெரிஞ்சா ஆபரேஷனுக்கு நான் வரமாட்டேன்."

அந்த நிபந்தனையின் மேல்தான் சம்மதித்திருக்கிறார். டாக்டர் முன்பே குறித்துவைத்த நாள் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை, மலாக்காவில். அப்பா சம்மதித்ததை டாக்டரிடம் நாளை காலை சொல்லப்போகிறேன். நீ வந்து நின்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிடும். முரண்டு பிடித்துக் கையெழுத்துப் போடாமல் போவாரோ என்று பயமாக இருக்கிறது. நீ வராமல் இருந்து, கத்தி வைத்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால், உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது. டாக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றேன், உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றேன். இனி என்னால் முடியாது தேவி.

புறப்பட்டு வா. ஏன் வந்தாய் என்று அப்பா கேட்பார். அப்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன். நீயே பதில் சொல்.

நீ பத்திரமாக வந்து சேர மாரியாத்தா துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
ஜானகி