மொட்டையும் மூன்றாவது மாடியும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். பன்னிரண்டாவதை உடைத்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை, உடைத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் குட்டியின் போன். மகளுக்கு இருபது வயது ஆனாலும் எனக்குக் குட்டிதான். ஹாஸ்டலிலிருந்து பேசினாள். அம்மாவுக்கு மார்பில் கட்டியாம், புற்றுநோய்தானாம், இன்று இரண்டாவது கீமோவாம். ஜனவரியிலிருந்தே எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்கப்பா. இதுக்கு மேல என்னால முடியல."

முடி கொட்ட ஆரம்பித்துவிட்டதாம்.

மார்ச் 5, வியாழன்

குட்டியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் அக்காதான் எடுத்தார். நாலு வருஷமாக அவள் இருப்பது அக்கா வீட்டில். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வேணாங்கறா" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நின்று தலை துவட்டுவாள். துண்டை உதறும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். தரையெல்லாம் தண்ணீர். யாராவது வழுக்கி விழப்போகிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன். இப்போது தரை காய்ந்தே கிடக்கிறது. எவ்வளவு காய்ந்து கிடக்கிறது.

மார்ச் 9, திங்கள்

குட்டியின் கல்லூரியில், புற்றுநோய் வந்தவர்களுக்குத் துணையாக மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறார்களாம். இவளும் பேர் கொடுத்திருக்கிறாள். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளாக எழுந்திருக்காதவள் எழுந்து உட்கார்ந்து திட்டினாளாம். "உன் தலையைப் பார்த்துதான் நான் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன். அதுலயும் கை வைக்காத."

குட்டி பேரை அடித்துவிட்டாள். போனில் அழுதாள். உனக்குப் பதிலாக வேறு யாராவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"நீங்களாப்பா? உங்களுக்கு இருக்கறதே நாலு முடி."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். அதுவரைக்கும் நல்லது.

மார்ச் 14, சனி

போட்டுக்கொண்டேன். கல்லூரி ஹாலில் வரிசையாக நாற்காலிகள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே ஐம்பத்தொரு வயதில் நான் ஒருவன். யாருக்காக என்று சலூன்காரர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிறார் போல. "வீட்டுல" என்றேன். அவள் ஒரு வீடு, நான் ஒரு வீடு என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? மிஷின் நடு மண்டையில் ஏறியபோது கண் கலங்கிவிட்டது. முடி விழுந்துவிட்டது என்று நினைத்து, பாவம், அவரே துடைத்துவிட்டார்.

குட்டி போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

மார்ச் 15, ஞாயிறு

பதில் இல்லை.

மார்ச் 16, திங்கள்

இனி லென்ஸுக்குத் தனியாகப் பாலிஷ் வேண்டாம், என் தலையில் தேய்த்தால் போதும் என்றார் முதலாளி. கடையே சிரித்தது. காரணத்தைச் சொன்னேன். அப்புறம் மதியம் வரை ஒருவரும் என் பக்கம் வரவில்லை. முதலாளி மட்டும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. குரலில் பாதிதான் மிச்சம்.

"போட்டோ பார்த்தேன். யாருக்காக முடி எடுத்தீங்க?"

"உனக்காகத்தான்."



"உங்களுக்கு ரெண்டு மாசத்துல வளர்ந்துடும். எனக்கு முடிதான் பிரச்சனைன்னு நினைச்சீங்களா? அஞ்சு வருஷம் முன்னாடி கர்ப்பப்பை எடுத்துட்டு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ரெண்டு தடவை வந்தீங்க. அதுவும் நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிட்டீங்க."

வைத்துவிட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஆமாம், நின்றுகொண்டேதான் பேசினேன். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது என்றேன். பொய்யில்லை. ஆனால் அதுவா காரணம்? பயம். அந்த வாடை, அந்தக் குழாய்கள், அவள் முகம் — பயமா இருந்துச்சு. ஆம்பளை பயந்தேன்னு எப்படிச் சொல்றது? வேலைன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு வருஷம் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டைகூடக் கிடையாது.

மார்ச் 24, செவ்வாய்

மூன்றாவது கீமோ. லீவு போட்டேன். அவள் கூப்பிடவில்லை, அதனால் மேலே போகவில்லை. ஆஸ்பத்திரியில் கீமோ போடுவது மூன்றாவது மாடியில். நான் கீழே, மருந்துக் கடைக்கு எதிரில். எட்டரையிலிருந்து இரண்டு மணி வரை. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

பக்கத்தில் இருந்தவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது கீமோ?" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ஏனோ கூசியது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன் பாட்டில் தண்ணீரை என் பக்கம் நீட்டினார்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். தலையில் ஸ்கார்ஃப். பாதி ஆள் ஆகியிருக்கிறாள். இடது காலைக் கொஞ்சம் வீசிப் போடும் நடை மட்டும் அப்படியே. என்னைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காததுபோலப் போனாளோ?

ஏப்ரல் 14, செவ்வாய்

நான்காவது. அதே இடம். மருந்து வாங்க இறங்கிய அவள் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். மேலே வரலாமே என்றார். அவள் கூப்பிடட்டும் என்றேன்.

"அவ கூப்பிட மாட்டா."

தெரியும்.

மே 5, செவ்வாய்

ஐந்தாவது. லிஃப்டைவிட்டு வந்தவள் என் எதிரில் நின்றாள். என் தலையில் முடி முளைத்துவிட்டது, முக்கால்வாசி நரை.

"மறுபடி எடுக்கலையா?"

"நீதானே திட்டின."

நடந்துவிட்டாள். வாசல்கிட்டே தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, இருமினாளா? அதையே யோசித்துக்கொண்டு, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

மே 20, புதன்

அவளிடம் சொல்ல இன்று ஒரு விஷயமும் இல்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது.

மே 26, செவ்வாய்

கடைசி கீமோ. ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. அவள்.

"அக்காவுக்குக் காய்ச்சல். தனியா டாக்ஸி பிடிச்சு வந்துட்டேன். கீழதான் இருக்கீங்களா?"

"ஆமா."

"மேல வாங்க."

லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. படியேறினேன். மூன்றாவது மாடியில் எனக்கே ஒரு கட்டில் போட வேண்டும் போல மூச்சு வாங்கியது. ஓரத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஸ்கார்ஃப் இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். சின்னத் தலை. வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத மச்சம்.

உட்கார்ந்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது, அன்றும் அதுதான் என்று சொன்னேன். "தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். எப்போதும் வரும் அக்காவைக் காணோமே, நீங்கள் இவருக்கு என்ன வேண்டும், எழுத வேண்டும் என்றாள். வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இல்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்: "கூட வந்தவர்."

நர்ஸ் அதையே எழுதிக்கொண்டு போனாள்.