கவுன்சிலரின் படகு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அப்டன் பார்க்கிலுள்ள என் கடைக்கு இன்றும் முருங்கைக்காய் வரவில்லை. வியாழக்கிழமை கவுன்சில் குழுக் கூட்டத்துக்கான கடதாசிகள் வந்துவிட்டன. மூன்றாவது விடயம் எங்கள் படகு. தேம்ஸ் கரைக் குடியிருப்பாளர்களின் முறைப்பாடு: இரவில் பாட்டுச் சத்தம், அங்குள்ள படகுத்துறையில் மாலைக்குப் பிறகு பார்ட்டிப் படகு நிற்கக்கூடாது. நிற்பது எங்களுடையது மட்டும்தான். கலியாணம், பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்தியவீடு, பிறந்தநாள், எல்லாம் மாலையில்.

முதல் கையெழுத்து ஷீலா. நர்ஸ். என் வட்டாரம், எனக்கு வாக்குப் போட்டவள். விடியப்புற ஷிப்ட். நித்திரை இல்லாமல் ஊசி மருந்தின் அளவை இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று போன மாதம் வந்து சொன்னாள். படகு என்னுடையது என்றேன். தெரியும், அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றாள்.

மார்ச் 4, புதன்

அண்ணை கடைக்கு வந்தார். பிரான்ஸில் இருந்த தன் வீட்டை விற்றுப் படகின் விலையில் பாதி போட்டவர். ஓட்டுவதும் அவர்தான். சொந்த விடயத்தில் நான் வாக்களிக்க முடியாது, எழுந்து வெளியே போகவேண்டும் என்று விளங்கப்படுத்தினேன்.

"உன்னைக் கவுன்சிலுக்கு அனுப்ப வீடுவீடா நடந்தவன் நான். இப்ப வெளியிலை போய் நிக்கப்போறன் எண்டுறாய்."

கறிவேப்பிலைக் கட்டொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5, வியாழன்

கூட்ட அறையில் ஒரு பழைய ஓவியம். முதலாம் எலிசபெத் காலத்து வணிகர். சொந்தக் கப்பல்கள், பிறகு மேயர் பதவி. துறைக்கு விதி போட்டதும் அவர், அங்கே தன் கப்பல்களைக் கட்டி நிறுத்தியதும் அவர். அன்று யாரும் எழுந்து வெளியே போகவில்லை என்று கிளார்க் சிரித்தார். ஓவியத்தில் நிம்மதியான முகம். பொறாமையாக இருந்தது.

எங்கள் விடயம் வந்தது. படகில் எனக்குப் பங்கு உண்டு என்று சொல்லி வெளியேறினேன். பார்வையாளர் வரிசையில் அண்ணை, குனிந்த தலை. வெளியே ஒரே குளிர். எந்த முடிவு வந்தால் எனக்கு ஆறுதல் என்று எனக்கே பிடிபடவில்லை.

உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்: வாக்குகள் சரிபாதி. சமநிலையை உடைக்கக் குழுத் தலைவர் தன் மேலதிக வாக்கை எங்களுக்கு எதிராகப் போட்டார். அண்ணை என்னைப் பார்க்காமல் கடந்து போனார். ஷீலா நன்றி சொன்னாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில், ஆனால் கடும் காற்று. ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு துறை கிடைத்திருக்கிறது. சுற்றிவரப் பழைய களஞ்சியங்கள், வீடுகள் இல்லை, பஸ்ஸும் இல்லை. இரண்டு கலியாண வீட்டார் ஏற்கெனவே விலகிவிட்டார்கள். படகைக் கொண்டுபோக ஆள் வேணும், வா என்று அண்ணையின் மெசேஜ். வியாழனுக்குப் பிறகு முதல் பேச்சு.

வழி முழுக்க அவர் சுக்கானில், நான் முன்பக்கம். புதிய துறை தெரிந்த பிறகுதான் கேட்டார்.

"அண்டைக்கு உள்ளுக்கை இருந்திருந்தா எங்கட பக்கம் கை தூக்கியிருப்பியோ?"

"தெரியாது அண்ணை."

படகின் வேகத்தைக் குறைத்தார்.

"கயித்தை எடு," என்றார். "கரை வருகுது."