ஒரு பகல் விருந்தாளி

சியாட்டில்
மே 6, 1994

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

நலம்தானே? ஜூலையில் ஆஸ்பத்திரித் தோழிகளோடு சுற்றுலாக் கப்பலில் வருகிறேன். நம் ஊர் சிட்காவிலும் ஒரு பகல் நிற்குமாம். சால்மன் மீன் பொரித்து வை, பேசுவோம். ஆனால் தம்பி நெல்சன் தவறி விழுந்து இறந்த அந்தப் படகை அதற்குள் விற்றுவிடு. நீ அதில் தனியாகப் போவதை நினைத்தாலே எனக்கு உயிர் போகிறது.

உன் தங்கை,
ராபர்ட்டா


சிட்கா
மே 19

அருமை ராபர்ட்டாவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஹெரால்டு அண்ணனிடம் காட்டினேன். "ஓகோ, சொந்த ஊரைப் பாக்க டிக்கெட் எடுத்து வர்றாளா? கழுத்துல கேமரா உண்டா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலையில்தான் சால்மன் கூட்டம் கூட்டமாக வரும். நான் கடலில் இருப்பேன். வம்சச் சின்னங்கள் செதுக்கிய மரக் கம்பங்களைப் பார்க்க வேண்டுமானால் பூங்காவில் வழிகாட்டிப் பெண் இருக்கிறாள்.

நம் வழக்கப்படி நெல்சனைச் சுமந்து அடக்கம் செய்தவர்கள் மறு வம்சமான கழுகு வம்சத்தார். அக்டோபரில் அவர்களை உட்காரவைத்து விருந்து போட்டு, கம்பளிப் போர்வை கொடுத்து அனுப்பினால்தான் நம் காக்கை வம்சத்தின் துக்கம் இறங்கும். விருந்துக்கு மீன் வேண்டும், மீனுக்குப் படகு வேண்டும். விற்க மாட்டேன். உடன்பிறந்தவள் நீ பக்கத்தில் நில். அதற்கு வா.

அக்கா


சியாட்டில்
ஜூன் 2

அக்கா,

அக்டோபரில் விடுப்பு கிடைக்காது. அந்த விருந்து எனக்கு இன்னொரு அடக்கம் மாதிரிதான், அதற்கு வரும் தெம்பும் எனக்கில்லை. அந்தப் படகு இருக்கும்வரை உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். கம்பங்களைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

ராபர்ட்டா


சிட்கா, உன் சமையலறை
ஜூலை 14

அக்கா,

நீ பதிலே போடவில்லை. சொன்னபடி பூங்காவுக்குத்தான் போனேன். வழிகாட்டிப் பெண் ஒரு கம்பத்தைக் காட்டி, "இது காக்கை வம்சத்தாரோடது. அவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க" என்றாள்.

என் தோழி திரும்பினாள். "நீயும் அந்த வம்சம்தானே? உன் வீடு எங்க?"

கையை நீட்டிக் காட்டினேன்.

"அப்புறம் எங்களோட ஏன்டி வரிசையில நிக்கிற?"

வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

நேரே இங்கே வந்துவிட்டேன். கப்பல் ஊதிவிட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, விருந்து முடியாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

நேரில் பார்த்ததும் முதலில் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன். அந்தப் படகு எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் நாளைக்கு நானும் ஏறுகிறேன். வாந்தி எடுப்பேன், பொறுத்துக்கொள். தனியாக மட்டும் இனி உன்னை விடமாட்டேன்.

இதைத் துறையிலேயே கையில் கொடுக்கிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஜன்னல் வழியே உன் படகு துறைக்குத் திரும்புவது தெரிகிறது. நீ வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டப் போகிறேன்.

ராபர்ட்டா